சாம்பிராணி போட்ட தூசி மிஷின்

செப்டம்பர் 8, திங்கள்

கிரீஸ் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரிக்கு இன்றுதான் வேலை வந்திருக்கிறது. எனக்கும்தான்.

காலையில் முதலாளி திருமூர்த்தி கூப்பிட்டு அனுப்பினார்.

"அம்மணி, நவம்பர் பதினஞ்சோட மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்து அனுமதி முடியுது. புதுப்பிக்கோணும். தூசி, தண்ணி, மரம் எல்லாத்துக்கும் பொறுப்பா ஒருத்தர் பேரு வேணுமாம். உம்பேரப் போட்டுட்டேன்."

"என்னைக் கேக்கவே இல்லீங்களே?"

"நீதான கெமிஸ்ட்ரி படிச்சவ? மத்தவனெல்லாம் என்ன படிச்சான்?"

ஆக, பதினேழு வருடமாக லேபில் உட்கார்ந்து கல்மாவு எவ்வளவு வெள்ளை என்று பார்த்துக்கொண்டிருந்த சுகுணா, இன்று முதல் சுற்றுச்சூழல் பொறுப்பாளர். சம்பளம் அதே. நாற்காலி அதே. அதன் ஆடுகிற காலும் அதே.

எங்களுடையது சின்ன இடம். அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு வெங்கச்சங்கல் குழி, அதாவது குவார்ட்ஸ் குவாரி, பக்கத்திலேயே அரைக்கிற மில். வெடி வைத்து எடுக்கிற கல்லை உடைத்து, முகப்பவுடர் பதத்துக்கு அரைத்து, டைல்ஸ் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். போகிற வழியில் கொஞ்சம் ஊருக்கும் கொடுக்கிறோம், இலவசமாக.

புதுப் பதவிக்கு ஏற்ற மாதிரி ஒரு சுற்று வந்தேன். மாஸ்க் எல்லோரிடமும் இருக்கிறது. ஃபோர்மேன் அர்ச்சுனன் அதைத் தாடையில் போட்டிருந்தார். இருவர் நெற்றியில். கேண்டீன் பாவாயி அக்கா அதில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். பழைய அறிக்கையில் வேலியோரம் தோப்பு இருக்கிறது. நேரில் போனால் ஆடு இருக்கிறது.

மதியம் முதல் புகார் வந்தது. கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் சென்னிமலை. செய்தித்தாளில் எதையோ பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். பிரித்தால் ஒரு கொத்து முருங்கை இலை, கோலப்பொடி தூவினாற்போல்.

"பாருங்க மேடம். இது முருங்கையா, இல்ல உங்க மில்லு மாவா?"

"ரோட்டுத் தூசியாக் கூட இருக்கலாமுங்க."

"என்ர காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல உங்க மில்லு இருக்குதுங்க."

இலையை வாங்கி மேசையில் வைத்தேன். மனிதர் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். புகார் சொல்ல வருகிறவர்கள் அப்படிச் சாத்துவதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மறுபடியும் வந்தார். மறுபடியும் இலை. வாரியத்துக்கு மனு போட்டுவிட்டாராம், அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். இப்படி ஒரு எதிரி யாருக்குக் கிடைப்பான்!

மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். நான் கேட்கவில்லை. பாவாயி அக்கா தானாகச் சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மனு போட்டிருக்கிறார் என்றால் நேரில் போய்ப் பார்ப்பது பொறுப்பாளரின் கடமை. போனேன். பச்சைப் புடவை கட்டியிருந்தேன், மற்றவை துவைக்கப் போட்டிருந்ததால்.

மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மில்லின் பக்கமிருந்து நேராக அவர் தோட்டத்துக்கு. வேலியோர மரங்களில் இலை எல்லாம் வெளுத்துக் கிடந்தது. அடியில் பூ கொட்டிக் கிடந்தது.

"பூவுல மாவு உக்காந்தா காய் எங்கீங்க புடிக்கும்? இந்த வரிசைல போன தடவ ஒரு காய் இல்ல."

"வெயிலுக்கும் பூ கொட்டுமுங்க."

"அந்தக் கடைசி வரிசைக்கும் இதே வெயிலுதானுங்க?"

கடைசி வரிசையைப் பார்த்தேன். காய் சடை சடையாகத் தொங்கியது. பேச்சை மாற்றுவதற்காக ஒரு யோசனை சொன்னேன். பேசிக்கொண்டே போனால் யார் சொல்வது சரி என்று முடிவாகாது. ஈரோட்டு லேபில் காற்றை உறிஞ்சி அளக்கிற தூசி மிஷின் இருக்கிறது. அதை இவர் தோட்டத்திலேயே இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டுவோம். உள்ளே தூசி படிகிற வடிதாளை எடைபோட்டு ஒரு எண் சொல்வார்கள். நூறுக்குள் இருந்தால் மில் சரி. தாண்டினால் தப்பு.

"நூறுக்குள்ள வந்தா மனுவ வாபஸ் வாங்கறனுங்க. மேல வந்தா?"

"மேல வந்தா நானே என் கையால எழுதி வாரியத்துக்கு அனுப்பறனுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அந்த எண் நூறைத் தாண்டினால் மில்லுக்கு அனுமதி கிடைக்காது. மில் நின்றால் அர்ச்சுனனிலிருந்து பாவாயி அக்கா வரை எல்லோரும் வீட்டில். எனக்கும் நாற்பத்தோரு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கிறவளுக்கு இந்த வீராப்பு தேவையா?

ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வாபஸ் வாங்கத் தோன்றவில்லை. வரும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தார். கடைசி வரிசைக் காய். லஞ்சம் ஆகாதா என்று கேட்டேன். "புகார் குடுத்தவன் எங்கீங்க லஞ்சம் குடுப்பான்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சாம்பார் வைத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

மிஷின் 30ஆம் தேதிதான் கிடைக்குமாம். அதுவரை சென்னிமலை தினமும் வந்து "மிஷின் வந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். போனில் கேட்டால் போதாதா என்றேன். போனில் சார்ஜ் நிற்பதில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் போன் அடித்தது.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிக்கக்கூடாத விஷயம்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு சென்னிமலையின் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மிஷினை வைத்து ஓடவிட்டோம். இன்று காலை பத்து மணிக்கு எடுக்க வேண்டும். மில்லும் ராத்திரி முழுக்க ஓடியது. இங்கே ஒன்பது மணிக்குப் பூஜை ஆரம்பித்தது. கம்ப்ரஸருக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, எடை மேடைக்குக்கூடப் பொட்டு. என் மைக்ரோஸ்கோப்புக்கு பாவாயி அக்கா வைத்த சந்தனம் லென்ஸில் இருக்கிறது.

பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஈரோட்டு லேப்காரருடன் தோட்டத்துக்குப் போனேன். தூரத்திலிருந்தே புகை தெரிந்தது.

தூசி மிஷினுக்குத் திருநீற்றில் மூன்று பட்டை. நடுவில் குங்குமம். கழுத்தில் செண்டுமல்லி மாலை. காற்றை உறிஞ்சுகிற வாய்க்கு நேர் கீழே தூபக்கால், அதிலிருந்து சாம்பிராணிப் புகை கொழுகொழுவென்று எழும்பி, ஒரு இழை வீணாகாமல் மிஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் புது வேட்டியில் சென்னிமலை, கையில் கற்பூரத் தட்டோடு.

"ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பூஜைங்க. மோட்டாருக்குப் போட்டேன், மருந்தடிக்கிற மிஷினுக்குப் போட்டேன். இதும் என்ர காட்டுல நின்னு ராப்பகலா எனக்காக உழைக்குது. இதுக்கு மட்டும் பொட்டு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?"

லேப்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. என்ன ஆயிற்று என்று விளக்கியபோது மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது.

அக்டோபர் 6, திங்கள்

முதல் எண் வந்தது. 412. லேப்காரர் சட்டப்படி எடைபோட்டு, சட்டப்படி ஒரு நகலை முதலாளிக்கும் அனுப்பிவிட்டார்.

முதலாளி குதித்தார். "பாத்தியா அம்மணி! அவனே பொகயப் போட்டு நம்பர ஏத்தி உட்டிருக்கறான். மோசடி! இத வெச்சே அவன் மனுவ ஒண்ணுமில்லாமப் பண்ணிருவேன்."

"அவருக்கு அது தெரியாதுங்க. நான் பாத்தேன். நெசமாவே பக்தியாத்தான் பண்ணுனாரு."

"உனக்கெப்புடித் தெரியும்?"

தெரியும். அவ்வளவுதான்.

இரண்டாவது எண்ணும் இருந்தது. நான் அறியாமல் முதலாளியே 2ஆம் தேதி மறுபடியும் மிஷினை ஓட்டச் சொல்லியிருக்கிறார். அதில் 38.

"இதுதான் சுத்தமான நம்பர். பொறுப்பாளர்னு கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"ஐயா, ரெண்டாந்தேதி லீவு. மில்லே ஓடலீங்களே."

"மில்லு ஓடுச்சா ஓடலியான்னு நம்பரு சொல்லுமா?"

கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன். மேசையில் மூன்று பேனா இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம்.

அக்டோபர் 8, புதன்

சென்னிமலை வரவில்லை. நிம்மதியாக வேலை பார்த்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் வரவில்லை. நிம்மதி. மோசடிக்காரன் என்று முதலாளி டீக்கடையில் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கும். லேப் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, அதனால் அடிக்கடி அந்தப் பக்கம் கண் போகிறது. ஜன்னலைத் துடைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மேசையில் பழைய இலைக்கொத்து காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. மில்லின் பின்புறம் தூசி பிடிக்கிற பைகள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான துணிப்பைகள். அரைக்கும்போது கிளம்புகிற மாவு அதில் போய்த் தங்க வேண்டும். பொறுப்பாளர் ஆகி ஒரு மாதமாகிறது, அந்தக் கதவை நான் திறந்து பார்த்ததில்லை. அர்ச்சுனனைத் திறக்கச் சொன்னேன்.

"எதுக்குங்க மேடம், சேலை அழுக்காயிரும்."

"துவைச்சுக்கறனுங்க. தொறங்க."

திறந்தார். பாதிப் பைகள் கிழிந்திருந்தன. கிழிசலை அரிசிச் சாக்கு வைத்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு சாக்கில் 'முதல்தரப் பொன்னி' என்று எழுத்து தெரிந்தது.

"எத்தன நாளா இப்புடி?"

"சித்திரைல இருந்துங்க. முதலாளிகிட்டச் சொன்னேன். அடுத்த மாசம் பாக்கலாம்னாரு."

சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலை மூன்று மாதமாக லேபிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சளி என்று நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. இலையில் உட்கார்ந்தால் துடைக்கலாம். நெஞ்சுக்குள் உட்கார்ந்தால் என்ன செய்வது? அவர் தாடையிலிருந்த மாஸ்க்கை நானே மூக்குக்கு ஏற்றிவிட்டேன். பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார், பாவம்.

அக்டோபர் 11, சனி

முதலாளியிடம் போனேன்.

"மில்லு ஓடறப்ப மூணாவதா ஒருக்கா அளக்கோணுங்க. பூஜை இல்லாத, லீவு இல்லாத ஒரு சாதாரண நாள்ல."

"பதினஞ்சு நாள் பொறு. ஐப்பசி பொறந்து காத்து திரும்பீரும். அப்ப அவன் காட்டுல வெச்சு அள. ஒரு தும்பு விழுகாது."

"அப்ப மாவு மேக்குப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போகுமுங்க."

"அங்க எவன் மனு போட்டிருக்கறான்?"

இதைச் சொன்னது என் முதலாளி. பதினேழு வருடமாக நல்ல மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த முதலாளி.

"ஐயா, உங்க பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்துலதானுங்க யூகேஜி படிக்குது."

மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடிவிட்டு, "உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். வேண்டும் என்றேன். வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன், வேறு யாராவது கண்டுபிடித்து மில்லுக்குச் சீல் வைத்தால் அப்புறம் திறக்கவே முடியாது என்றேன். போ என்று கையைக் காட்டினார். அளக்காதே என்று சொல்லவில்லை. அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று வைத்த மிஷினை இன்று எடுத்தோம். மேல்காற்று இன்னும் அடங்கவில்லை. தோட்டத்தில் சென்னிமலை எங்கள் பக்கமே வரவில்லை. தூரத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"கிட்ட வாங்க, ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"வேண்டாமுங்க. நான் மூச்சு உட்டாக்கூட நம்பரு ஏறிப்போச்சும்பாங்க."

நான் சிரிக்கவில்லை. "நீங்க மோசடிக்காரர் இல்லைனு எனக்குத் தெரியுமுங்க" என்றேன். தலையை ஆட்டினார். மோட்டார் ரூமுக்குள் போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றார். கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

168.

கொடுத்த வாக்குப்படி என் கையால் எழுதினேன். 412 எப்படி வந்தது, 38 எப்படி வந்தது, 168 எப்படி வந்தது, பைகள் எந்த நிலையில் இருக்கின்றன, எல்லாம். கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை பேனாவில் மை இருந்தது. ஒரு நகலை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

வாரியத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். அரிசிச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "முதல்தரப் பொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன்.

புதுப் பைகள் மாட்டும்வரை மில் ஓடக்கூடாது. மாட்டிய பிறகு கிழக்கே ஒன்று, மேற்கே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்று என இரண்டு மிஷின் வைத்து அளக்க வேண்டும். அப்போதுதான் அனுமதி. ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வேலியோரம் மரம் நடவைக்கலாம் என்று நான் சொன்னதை மேடம் எழுதிக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கல்லே பொடியாகியிருக்கும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பாவாயி அக்கா ஒருத்திதான் பலகாரம் கொடுத்தாள். மற்றவர்கள் வழியில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்

குழி தோண்டிக் கைகள் காய்த்துப்போனதில் எல்லோருக்கும் என்மேல் எரிச்சல். புங்கன், வேம்பு நட்டாயிற்று. பாவாயி அக்காவும் கட்சி மாறிவிட்டாள். எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை இல்லை. கேட்டால், "சக்கரையும் தூசிதான கண்ணு, உடம்புக்கு ஆகாது" என்கிறாள்.

முதலாளி என்னிடம் பேசுவதில்லை. ஆனால் புதுப் பைகள் வந்திறங்கியபோது அவரே நின்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அர்ச்சுனனை நெஞ்சுப் படம் எடுக்கக் கரூருக்குத் தன் காரில் அனுப்பினார். ஆரம்பம்தான், இப்போதே பார்த்தது நல்லது என்றாராம் டாக்டர். அரைக்கிற பக்கம் இனி நிற்கக்கூடாதாம். லோடு ஏற்றுகிற பக்கம் மாற்றியாயிற்று.

நவம்பர் 8, சனி

மழை விட்ட இரண்டு நாளாகப் பார்த்து, மில்லை முழுசாக ஓட்டி அளந்தோம். கிழக்கே 64. மேற்கே 81.

முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். "நூறுக்குள்ளயா?" என்றார். "நூறுக்குள்ளதானுங்க" என்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு, "அந்த நாற்காலிக்குக் கால் ஆடுதாமா? மாத்திக்க" என்றார். மன்னிப்புக் கேட்கிறவர்கள் எப்படியெல்லாம் கேட்கிறார்கள் பாருங்கள்! டீயில் சர்க்கரையும் திரும்பி வந்தது, இரண்டு கரண்டி.

நவம்பர் 12, புதன்

அனுமதி வந்துவிட்டது. சென்னிமலை மனுவை வாபஸ் வாங்கிவிட்டாராம். வாரியத்திலிருந்து போனில் சொன்னார்கள். இனி அவருக்கு இங்கே வர ஒரு வேலையும் இல்லை.

எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

நவம்பர் 13, வியாழன்

சந்தோஷம்தான். தலைவலி. லீவு போட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

பதினோரு மணிக்கு லேப் கதவு சத்தமில்லாமல் திறந்தது. சென்னிமலை. கையில் செய்தித்தாள் பொட்டலம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பை மறுபடியும் கிழிந்துவிட்டதா?

மேசையில் வைத்துப் பிரித்தார். ஒரு கொத்து முருங்கை இலை. திருப்பிப் பார்த்தேன். விரலால் தேய்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று இருந்தது.

"இதுல என்னங்க குறை?"

"குறை ஒண்ணுமில்லீங்க. அதைச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

வெளியே மில் ஓடிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் மூக்கில் மாஸ்க்கோடு ஜன்னலைக் கடந்து போனார், கொஞ்சம் மெதுவாக. பாவாயி அக்கா, யாரும் கேட்காமலேயே இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

"குறை இல்லைனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா சொன்னாப் போதுமுங்க. வாரியத்து விதி அதுதான்" என்றேன்.

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே, "விதி அப்புடீங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செய்தித்தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, எழுந்துகொள்ளப் பார்த்தார்.

நான் யோசித்துப் பார்த்தேன். காற்று எந்த நேரமும் திரும்பலாம். பை எந்த நேரமும் கிழியலாம். ஆறு மாதம் என்பது ரொம்ப அதிகம். ஆகவே தினமும் ஒரு கொத்து கொண்டுவந்து காட்டுவதே முறை என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

முழுக்க முழுக்கச் சுற்றுச்சூழல் நலன் கருதி.